ஆழ்கடலில் துணையே உயிர்காப்பு: ஸ்கூபா விபத்துகள் உணர்த்தும் பாடம்

அசாமின் புகழ்பெற்ற பாடகர் ஜுபின் கார்க், 2025 செப்டம்பர் 19 அன்று சிங்கப்பூரில் உயிரிழந்தார். அவருக்கு வயது 52. வடகிழக்கு இந்திய விழாவில் பாடச் சென்றிருந்த அவர், ஸ்கூபா டைவிங்கில் ஈடுபட்டபோது இறந்ததாகவே முதலில் செய்திகள் வெளியாயின. லாசரஸ் தீவு அருகே உயிர்காப்பு அங்கி இன்றி நீந்தியபோது அவர் மூழ்கினார் என்பது பின்னர் தெரியவந்தது.

செய்தி திருத்தப்பட்டுவிட்டது. எனினும், அது எழுப்பிய கேள்வி ஸ்கூபாவுக்கும் பொருந்துகிறது. பொழுதுபோக்குக்காகக் கடலில் இறங்குபவரை அந்த நேரத்தில் யார் கவனித்துக்கொண்டிருக்கிறார்?

இந்தியாவில் இக்கேள்வியின் முக்கியத்துவம் கூடி வருகிறது. அந்தமான், கோவா, மகாராஷ்டிரத்தின் தார்கர்லி, கர்நாடகத்தின் நேத்ராணி தீவு, புதுச்சேரி, விசாகப்பட்டினம் எனப் பல இடங்களில் ஸ்கூபா டைவிங் சுற்றுலாவின் ஓர் அங்கமாகிவிட்டது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. அங்குள்ள புத்தலப்பட்டு போன்ற உள்நாட்டு ஊர்களில் கிணறும் ஏரியுமே நீச்சல் பழகும் இடங்கள். இத்தகைய ஊர்களிலிருந்து விடுமுறைக்குச் செல்வோர், கடலின் நீரோட்டத்தையோ அழுத்தத்தையோ அறியாமலேயே முதன்முறையாக மூழ்குகின்றனர்.

நீருக்கடியில் நேர்வது என்ன?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரலை நிரப்பும் காற்று, நீர்மட்டத்துக்கு வரும்போது இரு மடங்காக விரியும். அச்சத்தில் மூச்சை அடக்கியபடி மேலே பாய்பவரின் நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழிகள் இரத்தத்தில் கலந்து மூளையை அடையக்கூடும். இதனால்தான் ஸ்கூபா பயிற்சியின் முதல் விதியே மூச்சை அடக்காதே என்பதாக உள்ளது. நிமிடத்துக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் மெதுவாக மேலேறுவதும், 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடங்கள் நிற்பதும், உடலில் கரைந்த நைட்ரஜன் பாதுகாப்பாக வெளியேற உதவுகின்றன.

இவ்விதிகளைப் படித்தவர்கள்கூட பதற்றத்தில் அவற்றை மறந்துவிடுகின்றனர். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பின் ஆய்வாளர்கள் 1992 முதல் 2003 வரை நிகழ்ந்த 947 ஸ்கூபா மரணங்களை ஆராய்ந்தனர். விபத்தின் தொடக்கக் காரணத்தைக் கண்டறிய முடிந்த நிகழ்வுகளில் 41 சதவீதம், உருளையில் காற்றுப் பற்றாக்குறையால் தொடங்கியவை. உயிரிழப்புக்கு இட்டுச்சென்ற பாதிப்புகளில் ஏறத்தாழ கால் பங்கு இதயம் சார்ந்தவை.

இணைவர் முறை எதற்காக?

இந்த இரு இடங்களிலும் அருகில் இருப்பவரின் பங்கு பெரிது. 'பட்டி சிஸ்டம்' எனப்படும் இணைவர் முறையில் இருவர் ஒன்றாக இறங்கி, ஒன்றாகவே மேலேற வேண்டும். இறங்கும் முன் ஒருவர் மற்றவரின் மிதவை அங்கி, எடைப்பட்டை, காற்று வால்வு ஆகியவற்றைச் சோதிக்கிறார். நீருக்குள் அவ்வப்போது சைகையால் காற்றின் அளவைக் கேட்கிறார். ஒருவரின் காற்று தீர்ந்தால், மற்றவரின் கூடுதல் சுவாசக்குழாய் வழியே சுவாசித்தபடி இருவரும் மேலேறலாம். மாரடைப்பைத் துணைவரால் தடுக்க இயலாது. ஆனால், மயங்கியவரை மேலே கொண்டுவந்து உதவிக்கு அழைக்க அவரால்தான் முடியும்.

இவை அனைத்தும் கை எட்டும் தொலைவில் இருந்தால் மட்டுமே சாத்தியம். பிரிந்துவிட்டால் ஒரு நிமிடம் மட்டும் தேடி, பின்னர் முறையாக மேலேறி நீர்மட்டத்தில் சந்திக்க வேண்டும் என்பதே பயிற்சி அமைப்புகள் கற்பிக்கும் நடைமுறை.

கவனிக்கும் கடமை படகிலும் தொடர்கிறது. 1998 ஜனவரி 25 அன்று ஆஸ்திரேலியாவின் கிரேட் பாரியர் ரீப் பகுதியில், ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுச் சுற்றுலாப் படகு கரை திரும்பியது. தலைகளை எண்ணியதில் பிழை. இரண்டு நாட்களுக்குப் பின்னரே அவர்களைக் காணவில்லை என்பது தெரிந்தது. அவர்கள் மீட்கப்படவே இல்லை. தம்பதி ஒருவருக்கொருவர் துணையாக இருந்திருக்கலாம். அவர்களை எண்ணிப் பார்க்கவேண்டியவர் தவறிவிட்டார்.

தமிழருக்குப் புதிதன்று

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு ஆழம் இறங்கினர். அவர்களின் கயிற்றைப் பிடித்தபடி படகில் ஒருவர் காத்திருப்பார். கயிறு அசைந்தவுடன் மேலே இழுப்பதே அவரது வேலை. தங்கையை விதவையாக்க மனம் வராது என்பதால், அப்பொறுப்பு மனைவியின் அண்ணனிடம் ஒப்படைக்கப்பட்டது என்ற வழக்குக் கதையும் உண்டு. கதை எப்படியாயினும் அதன் பொருள் தெளிவு. கயிற்றைப் பிடிப்பவருக்கு வேறு வேலை இருக்கக் கூடாது.

இன்றைய சுற்றுலா ஸ்கூபாவில் இந்த இடத்தில்தான் ஓட்டை விழுகிறது. முதன்முறை மூழ்குபவருக்குப் பயிற்சியாளரே துணைவர். அந்தப் பயிற்சியாளர் ஒரே நேரத்தில் பலரைப் பார்த்துக்கொண்டு, படமும் எடுத்துக்கொண்டிருந்தால், அவர் உண்மையில் எவருக்கும் துணைவர் அல்லர். புதியவர்கள் இருவரை இணைத்துவிடுவதும் தீர்வாகாது. காற்றுமானியைப் படிக்கத் தெரியாதவரால் மற்றவரைக் காக்க இயலாது.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஆதரவுடன் 2018இல் வெளியான சாகசச் சுற்றுலா வழிகாட்டுதல்களில் ஸ்கூபாவும் இடம்பெற்றுள்ளது. ஆனால் வழிகாட்டுதல் வேறு, சட்டக் கட்டாயம் வேறு. ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்ற வரம்பு, படகில் ஆக்சிஜன், பெயர் சொல்லி எடுக்கும் கணக்கு ஆகிய மூன்றையும் உரிமத்தின் நிபந்தனைகளாக்கி, மாநில அரசுகள் திடீர்ச் சோதனை நடத்தினால் மட்டுமே அவை கடல்வரை சென்று சேரும்.

அதுவரை பயணிகளின் கேள்விகளே முதல் பாதுகாப்பு. நீருக்குள் என்னுடன் இருப்பவர் யார், அவர் பொறுப்பில் மொத்தம் எத்தனை பேர், படகில் ஆக்சிஜன் உள்ளதா என்று பணம் செலுத்தும் முன் கேட்க வேண்டும். இதய நோய், ஆஸ்துமா போன்றவற்றை மருத்துவப் படிவத்தில் மறைக்கக் கூடாது. மூழ்கிய பின் குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் விமானப் பயணத்தைத் தவிர்க்க வேண்டும். கேள்விகளுக்குத் தெளிவான பதில் வராவிட்டால், அன்று கடலைக் கரையிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்புவதே நல்லது.