கலம் கட்டினால் போதுமா?

சாணத்திலிருந்து அடுப்புக்கு நெருப்பும் வயலுக்கு எருவும் பெறும் வித்தை நமக்குப் புதிதன்று. பம்பாய் மாதுங்காவில் 1897-ம் வருஷத்திலேயே கழிவிலிருந்து வாயு எடுத்தார்கள். 1981-ல் மத்திய சர்க்கார் தேசியத் திட்டமே வகுத்தது. எனினும், கட்டிய சில வருஷங்களில் கைவிடப்பட்ட கலங்கள் தேசமெங்கும் உள்ளன. காரணம் யாது?

செங்கல்லும் சிமெண்டும் வாயு தருவதில்லை. தருபவை கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களே. மாட்டின் வயிற்றில் வாழும் இவை சாணத்தோடு கலத்தை அடைகின்றன. ஒரு வகை, கழிவை அமிலமாக்குகிறது. மற்றொரு வகை, அதிலிருந்து மீதேன் வாயுவை உண்டாக்குகிறது. முன்னது விரைந்து பெருகும். பின்னதோ மெல்லப் பெருகும், பிராணவாயு பட்டால் நலியும். ஒரே நாளில் எச்சிற்சோற்றை அளவின்றிக் கொட்டினால் புளிப்பு மிகுந்து வாயு குன்றும். அப்போது கழிவிடுவதை நிறுத்தி, புதுச் சாணக் கரைசல் சிறிது விட்டுப் பொறுத்திருந்தால் பெரும்பாலும் சீர்ப்படும்.

இதைக் கிராமவாசிகளுக்குக் கற்பித்தவர் எத்தனை பேர்? கலத்துக்கு மானியம் அளித்தால் மட்டும் சர்க்காரின் கடமை தீர்ந்துவிடாது. புதுக்கோட்டை ஜில்லாவில் ஊராட்சிதோறும் பயிற்சி பெற்ற ஒருவரையேனும் நியமிக்க வேண்டுமென்பது நமது திடமான அபிப்பிராயம். மாட்டுக்கு அளவு மீறிச் சோறிட்டால் வயிறு உப்புமென்று அறிந்த குடியானவர்களுக்கு இவ்விஷயத்தை விளக்குவது கடினமன்று. விளக்குவோர் வேண்டும், அவ்வளவே.