போகம்பரையில் எதைக் காட்டப்போகிறார்கள்?

கண்டி மாநகரின் நடுவே, 1876இல் ஆங்கில ஆட்சியாளர் எழுப்பிய போகம்பரைச் சிறைச்சாலை நிற்கிறது. 2014இல் அங்கிருந்த கைதிகள் பல்லேகலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அன்று தொட்டு, அக்கட்டிடத்தை உல்லாசப் பயணிகளுக்குரிய காட்சிச்சாலையாக்கும் பேச்சு அடிபட்டு வருகிறது. (இடையே 2020இல், கொள்ளைநோயைக் காரணங்காட்டி மீண்டும் கைதிகளை அதனுள் அடைத்தார்கள் என்பதையும் மறத்தலாகாது.)

திறந்து காட்டுவதை நாம் எதிர்க்கவில்லை. எதனைக் காட்டப்போகிறார்கள் என்பதே நம் கேள்வி.

விசாரணையின்றி அங்கே தடுத்து வைக்கப்பட்டிருந்த என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய சமசமாஜத் தலைவர்கள், 1942 ஏப்ரலில் சிறைக்காவலர் ஒருவரின் துணையோடு தப்பிச் சென்றனர். வழிகாட்டிகள் இதனைச் சுவைபடச் சொல்வார்கள், சொல்லவேண்டிய கதைதான். தூக்குமேடையின் முன்னே நின்று படம் பிடித்துக்கொள்ளவும் கூட்டம் சேரும். இந்நாட்டில் 1976க்குப் பின் எவரும் தூக்கிலிடப்படவில்லை. எனினும் 2019இல் நால்வருக்கான மரண ஆணையில் ஜனாதிபதி ஒப்பமிட, உயர் நீதிமன்றமே தடுத்து நிறுத்தியது. அம்மேடையைப் பழம்பொருளென்று எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

தலைவர்களுக்குச் சரித்திரம் உண்டு. பெயரற்ற தொழிலாளிக்கு? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டகன்ற கூலியாள் குற்றவாளி, அவனுக்கு மறியல். வாக்குத் தவறிய வியாபாரிமீது வழக்குத் தொடுத்து நட்டஈடு கேட்கலாம், அவ்வளவே. உழைப்பவன் வாக்குத் தவறினால் மட்டும் விலங்கு! இத்தண்டனை விதிகள் 1921இலேதான் நீக்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்கு மேலாக, வேலையை விட்டுப் போவதே குற்றமாயிருந்தது. கண்டி மலைகளில் கோப்பியும் தேயிலையும் வளர்த்த எம்மவருள் எத்தனை பேர் அக்குற்றத்துக்காக இம்மதில்களுக்குள் கிடந்தனர்?

பழைய சிறைப் பதிவேடுகளையும் நீதிமன்ற ஏடுகளையும் தேடினால் விடை கிடைக்கக்கூடும். நுழைவுச் சீட்டு விற்கத் தொடங்குமுன் அத்தேடலை அரசாங்கத்தார் செய்விக்க வேண்டும். கிடைக்கும் பெயர்களையும், அவர்களை அடைத்த சட்டத்தின் வாசகத்தையும் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாயிலிலேயே எழுதி வைக்க வேண்டும். ஏடு படிக்கும் பயிற்சியுடைய மலைநாட்டுச் சட்டத்தரணிகள், அரசாங்கத்தாரை எதிர்பார்த்திராமல், இப்பணியை இன்றே தொடங்கலாம்.