பள்ளிகொண்ட பூனைகளும் படியான புத்தகங்களும்

பழைய புத்தகக் கடையிலே பூனைக்கு என்ன வேலை என்று கேட்பவர், எலியின் வேலையை அறியாதவர். எலி புத்தகத்தைப் பசியினால் மட்டும் கடிப்பதில்லை. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையேனும் கொறித்துத் தேய்க்காவிடின் அதற்கு வாழ்வில்லை. அன்றியும், குட்டிகளுக்கு மெத்தை அமைப்பதற்குக் கடதாசியைப்போல் வாய்ப்பான பொருள் வேறில்லை. பழைய அட்டைக் கட்டுகளிற் பூசப்பட்ட மாப்பசையோ விருந்துக்கு ஒப்பானது. செய்யுள், உரைநடை, இலக்கணம் என்ற வேற்றுமையெல்லாம் எலிக்கு இல்லை. இவ்வகையில் நம் மாணவர் சிலரிலும் பார்க்க அது நடுநிலைமை வாய்ந்தது.

ஆகவே, எழுத்தும் ஏடும் சேர்ந்த இடங்களிற் பூனையும் நெடுங்காலமாகக் குடியிருந்து வருகின்றது. அந்த உறவு எக்காலமும் இனிமையாக இருந்ததென்று சொல்வதற்கில்லை. அதிரியாட்டிக் கடற்கரையிலுள்ள துபுரோவ்னிக் நகரின் ஆவணக் காப்பகத்திலே, 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் புத்தகம் ஒன்றில், மையிலே தோய்ந்த பூனைப் பாதங்களின் சுவடுகள் எழுத்துகளின் மேலாக நடந்து செல்வதை இன்றும் காணலாம். நெதர்லாந்திலே தெவெந்தர் என்னும் ஊரில் 1420ஆம் ஆண்டளவில் ஏடெழுதிய ஒருவரின் அனுபவம் இதனினும் கொடியது. இரவிலே திறந்து வைத்துவிட்டுப் போன பக்கத்தைப் பூனை நனைத்துவிட்டது. அவர் அந்த இடத்தை எழுதாமல் வெறுமையாக விட்டு, அதிலே ஒரு பூனையையும் அதனைச் சுட்டிக்காட்டும் கைகளையும் வரைந்து, பக்கத்திலே ஒரு சாபத்தையும் இலத்தீன் மொழியில் எழுதி வைத்தார். அவர் எழுதிய நூலை இன்று வாசிப்பவர் மிகச் சிலர். சாபத்தையோ உலகமே அறியும்.

பூனை உண்மையில் எத்தனை எலியைக் கொல்லுகின்றது? 2018ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு இதைப்பற்றிச் சுவையான செய்தி தருகின்றது. நியூயோர்க்கின் புறூக்ளின் பகுதியிற் கழிவுப்பொருள் சேர்க்கும் நிலையம் ஒன்றில் ஆராய்ச்சியாளர்கள் 79 நாட்கள் ஒளிப்படக் கருவியை வைத்துப் பார்த்தார்கள். அத்தனை நாளிலும் அங்குள்ள பூனைகள் கொன்ற பெரிய எலிகள் இரண்டே இரண்டு. ஆனால், பூனை நடமாடிய நாட்களில் எலிகள் வெளியே தலைகாட்டுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. கொல்வதிலும் பார்க்க அச்சுறுத்துவதே பூனையின் தொழில். அரிவாளைக் கையிலேந்தி அசையாது நிற்கும் நம் எல்லைக் காவல் தெய்வங்களை இங்கே நினைக்கத் தோன்றுகின்றது.

நிற்க. பூனைகள் வாழும் பழைய புத்தகக் கடைகள் உலகிற் பல உள. அவற்றுள் மிகப் பெரும் புகழ் பெற்றது இத்தாலியின் வெனிஸ் நகரிலே, சாந்தா மரியா போர்மோசாத் தேவாலயத்துக்கு அணித்தாக உள்ள ஒரு கடையாகும். சுவிற்சர்லாந்திலும் இத்தாலியிலும் குடியேறிய நம்மவர் விடுமுறைக்கு வெனிஸ் சென்றால், வீட்டாருக்கு அனுப்பும் படங்களில் இக்கடையின் படமும் ஒன்றாக இருப்பதைக் காண்கிறோம். லூயிஜி பிரிட்சோ என்பவர் இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இதனை நிறுவினார். கடையின் பெயர் 'ஆக்குவா அல்தா'. 'உயர்ந்த நீர்' என்பது அதன் பொருள். கடல் பொங்கி நகருக்குள் ஏறும் வெள்ளத்துக்கு வெனிஸ் மக்கள் வழங்கும் பெயரும் அதுவே. தன்னை அழிக்கக்கூடிய பகையின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்ட கடை இது.

உள்ளே நுழைந்தவுடன் புத்தகத் தட்டுகளை எதிர்பார்ப்பவர் திகைப்பர். நடுக்கூடத்திலே அந்நகருக்கே உரிய கொந்தோலாப் படகு ஒன்று முழுமையாகக் கிடக்கின்றது. அதன் நிறையப் புத்தகம். பக்கத்திலே குளியல் தொட்டிகள், அவற்றிலும் புத்தகம். சிறு தோணிகளும் உண்டு. பழைய நூலும் புதிய நூலும், நிலப்படமும் அஞ்சலட்டையும், இத்தாலிய மொழியும் பிறமொழிகளும் ஒழுங்கற்றுக் குவிந்திருக்கின்றன. இந்தக் குவியல்களின் உச்சியிலே, யாரும் அழைத்து அமர்த்தாத அரசர்போல், பூனைகள் படுத்திருக்கின்றன. பின்புறத்துக் கதவைத் திறந்தால் நேரே வாய்க்கால். தீப்பற்றினால் வெளியேறும் வழி இதுவென்று அங்கே ஒரு பலகை நகைச்சுவையாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

தொட்டியும் தோணியும் வேடிக்கைக்காக வந்தவையல்ல. ஆண்டுதோறும் இலையுதிர்காலத்திலும் மாரியிலும் கடல்நீர் வெனிஸின் தாழ்ந்த தெருக்களில் ஏறும். சாதாரண வெள்ளமாயின் தொட்டிக்குள் இருக்கும் புத்தகத்துக்கு இடரில்லை. ஆனால் 2019 நவம்பர் 12ஆம் நாள் இரவு நீர் 187 சென்ரிமீற்றர் உயர்ந்தது. 1966 நவம்பர் 4இல் ஏறிய 194 சென்ரிமீற்றர் ஒன்றே அதனை விஞ்சியது. நகரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் நீரில் ஆழ்ந்தது. தொட்டிகளுக்கு மேலாக வெள்ளம் சென்றமையால் இந்தக் கடையிலும் நூற்றுக்கணக்கான நூல்கள் பாழாயின. நகரத்து மாணவர்கள் திரண்டு வந்து, நூல்நிலையங்களிலும் கடைகளிலும் நனைந்த ஏடுகளைத் தூக்கி உலர்த்தினார்கள். 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நெருப்புக்குப் பறிகொடுத்த நமக்கு, அந்தச் செய்தியைப் படிக்கும்போது நெஞ்சு சற்றுக் கூடுதலாகவே நோகும். நனைந்த புத்தகத்தையேனும் தூக்கி உலர்த்தலாம். எரிந்ததை என்ன செய்வது?

இனி, நம் வாசகருட் பலர் ஏற்றுக்கொள்ள மறுக்கும் ஒரு செய்திக்கு வருவோம். கடையின் பின்முற்றத்திலே ஒரு படிக்கட்டு உண்டு. அதன் படிகள் கல்லாலும் மரத்தாலும் ஆனவையல்ல. பழைய கலைக்களஞ்சியங்களின் தடித்த தொகுதிகளை அடுக்கிச் செய்தவை. வருபவர் அவற்றின்மேற் காலை வைத்து ஏறி, மதிலுக்கு அப்பால் உள்ள வாய்க்காலைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு இறங்குகின்றனர்.

நாமோ, தவறிப் புத்தகத்திற் கால் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவர்கள். நவராத்திரியின் முடிவில் நூல்களை அடுக்கிப் பூவைத்து வணங்குபவர்கள். நமக்கு இந்தப் படியைக் கண்டவுடன் முகம் சுளிக்கின்றது, அதில் வியப்பில்லை. எமது மாணவர் ஒருவர் அப்படியிலே நின்று எடுத்த படத்தை எமக்கு அனுப்பியிருந்தார். காலணியைக் கழற்றிக் கையிலே பிடித்திருந்தார். அதற்காக அவரை மனத்துள் மெச்சினோம்.

எனினும் கடைக்காரரின் பக்கத்தையும் கேட்டல் வேண்டும். உப்புநீரில் ஊறி ஒட்டிக்கொண்ட புத்தகத்தை எவர் வாங்குவார்? நனையாத கலைக்களஞ்சியத்துக்கே இன்று ஆளில்லை. 1768 முதல் வெளிவந்த பிரித்தானியக் கலைக்களஞ்சியம் 32 தொகுதிகளாக வந்த பதிப்போடு அச்சை நிறுத்திக்கொள்வதாக 2012இல் அறிவித்தது. ஒரு காலத்திற் பெற்றோர் மாதத் தவணைக்குக் கடன்பட்டு வாங்கிக் கண்ணாடி அலுமாரியிற் பூட்டிவைத்த தொகுதிகள் அவை. இன்று பழைய புத்தகக் கடைக்காரருக்கு அவற்றை இலவசமாகக் கொடுத்தாலும், இடமில்லை என்று கைகூப்புவார். பழைய புத்தக வாணிகத்தின் பெருஞ்சுமை இதுவே. விலைபோகாத புத்தகத்தை எறியவும் மனம் வராது. வைத்திருக்கவும் இடம் போதாது.

இறந்த புத்தகத்தை என்ன செய்வதென்னும் சிக்கல் நமக்கும் புதிதன்று. நம் முன்னோர் சிதைந்த ஓலைச்சுவடிகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டதையும், நெய்யிலே தோய்த்து ஓமத்தீயில் இட்டதையும் உ. வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் மனம் நொந்து எழுதியுள்ளார். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் தம் பதிப்புரைகளில், தொட்டால் உதிரும் ஏடுகளைப்பற்றி ஓலமிட்டிருக்கிறார். ஆற்றில் விட்டவர் நூலை இகழ்ந்து விடவில்லை. மிகுந்த மரியாதையோடுதான் விட்டார். ஆயினும், மரியாதையோடு விட்ட ஏடும் போனது போனதுதான். வெனிஸ் கடைக்காரரின் படிக்கட்டிலே மரியாதை குறைவு. ஆனால் புத்தகம் இன்னும் கண்முன்னே கிடக்கின்றது. எம்மைக் கேட்டால், அந்தப் படியில் நாம் ஏறமாட்டோம். அதைக் கட்டியவரைப் பழிக்கவும் மாட்டோம்.

நாம் கவலைப்படுவது வேறொன்றைக் குறித்து. கடையின் புகழ் பரவப் பரவ, வாசலிலே வரிசை நீள்கின்றது. வரிசையில் நிற்பவருட் பலர் புத்தகம் தேடி வந்தவரல்லர். படகும் படியும் பூனையும் சேர்ந்த ஒரு படம் தேடி வந்தவர். படம் எடுத்தபின் அஞ்சலட்டை ஒன்றேனும் வாங்காமல் வெளியேறுகின்றனர். நகரத்தின் நிலையும் இதுதான். 1951இல் வெனிஸின் பழைய நகர்ப்பகுதியில் ஏறத்தாழ 1,75,000 பேர் வாழ்ந்தனர். 2022 ஓகஸ்டில் அத்தொகை 50,000க்குக் கீழே இறங்கியது. பார்க்க வருவோர் பெருக, வாழ்வோர் வாடகை தாங்காது அக்கரைக்குக் குடிபெயர்ந்தனர். நாட்பொழுதுக்கு வந்து போவோரிடம் 2024 ஏப்ரல் 25 முதல், குறித்த சில நாட்களில், 5 யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடத் தொடங்கியதும் இதனாலேயாம். பழைய புத்தகக் கடை என்பது அயலவரை நம்பி வாழ்வது. ஒரு வீட்டிலே பெரியவர் மறைந்தால் அவர் நூல்கள் கடைக்கு வரும். இன்னொரு வீட்டிலே ஒரு பிள்ளை வளர்ந்தால் அவை அங்கே போகும். வீடுகள் வெறுமையானால் இந்தப் போக்குவரத்து எங்ஙனம் நடக்கும்?

பூனைகள் இதைப்பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணிநேரம் உறங்கும். வைகறையிலும் அந்தியிலுமே அதற்கு ஊக்கம் மிகுதி. ஆகவே பகலிலே வருபவர் காண்பது உறங்கும் பூனையைத்தான். கதகதப்பைத் தேடும் பூனைக்கு உடற்சூட்டை வெளியே விடாத கடதாசி நல்ல பாய். ஆளுயரக் குவியலோ, நாலு புறமும் பார்க்க வாய்ப்பான மேடை. வெனிஸ் மக்களுக்குப் பூனைமேல் உள்ள பற்றுப் பழையது. வரிப்பூனைக்கு இத்தாலியர் வழங்கும் 'சொரியானோ' என்ற பெயருக்குச் சிரியா நாட்டது என்பது பொருள். கீழைநாடுகளோடு கப்பல் வாணிகம் செய்து செழித்த நகரில், சரக்கோடு எலியும் வந்தது. எலியின் பின்னே பூனைக்கும் மதிப்பு வந்தது.

சரக்கு என்றால் ஏலமும் பட்டும் மட்டுமன்று. ஒரு காலத்தில் ஐரோப்பாவுக்கே நூல் அச்சிட்டு அனுப்பிய துறைமுகம் வெனிஸ். ஆல்தசு மனூத்தியசு என்னும் அச்சகத்தார் 1501ஆம் ஆண்டு, வெர்ஜில் என்னும் உரோமப் புலவரின் பாடல்களைக் கையடக்கமான சிறு வடிவிலே, சாய்ந்த எழுத்தில் வெளியிட்டார். மேசையிற் கிடத்தி வாசித்த புத்தகம் அன்றுமுதல் பயணியின் கையில் ஏறியது. நம் மொழியின் முதல் அச்சு நூல்களுள் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறியது அதற்கு 77 ஆண்டுகள் பின்னர், 1578இல். கையிலே கொண்டு செல்லும்படி புத்தகத்தைச் சிறிதாக்கித் தந்த நகரிலே, புத்தகக் கடைக்கு வருபவர் வெறுங்கையோடு திரும்புகின்றனர் என்பதை எண்ணும்போது சற்றுக் கசக்கத்தான் செய்கின்றது. அங்கே போகும் இளைஞர் எவரேனும் இதைப் படிப்பாராயின் ஒரு வேண்டுகோள்: பூனையைப் படமெடுங்கள், உறங்கும் பூனையைத் தூக்கி எடுக்க வேண்டாம், படகுக்குள் கைவிட்டு, அடியிலே கிடக்கும் ஒரு மெல்லிய நூலையேனும் விலைக்கு வாங்குங்கள். மொழி தெரியாவிடினும், அதனுள்ளே யாரோ ஒருவர் பென்சிலால் எழுதிய பெயரும் ஆண்டும் இருக்கக்கூடும். அதை வாசிக்க அகராதி வேண்டியதில்லை.

வெள்ளத்தைத் தடுப்பதற்கு இத்தாலிய அரசு பெரும்பொருள் செலவிட்டுக் கடல்வாயில்கள் மூன்றிலும் 78 இரும்புக் கதவுகளை அமைத்துள்ளது. 2020 ஒக்டோபர் 3ஆம் நாள் அவை முதன்முறையாகப் பொங்கும் கடலுக்கு எதிரே உயர்ந்து நின்றன. நகரின் தெருக்கள் அன்று உலர்ந்தே இருந்தன. ஆயினும் நீர் 110 சென்ரிமீற்றருக்கு உயரும் என்று கணிக்கப்படும்போது மட்டுமே அக்கதவுகளை உயர்த்துவது வழக்கம். அதற்குக் குறைந்த வெள்ளம் தாழ்ந்த தெருக்களில் இன்னும் ஏறி இறங்குகின்றது. கடைக்காரர் குளியல் தொட்டிகளை அகற்றவில்லை.