பூஞ்சை அல்லாததற்குப் பூஞ்சைக்கொல்லியா?

மாணவர்களே, தம்பின் பக்கத்துத் தோட்டங்களில் பால் வெட்டிய தாத்தாவோ பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்தால், மழைக்காலத்தில் வெட்டிய பட்டையில் எதற்கு மருந்து பூசினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஈரம் காயாத நாள்களில், வெட்டுக்கு மேலே பட்டையில் கறுப்புக் கோடுகள் விழும். பட்டையைச் சுரண்டினால் உள்ளே கட்டையிலும் அதே கோடுகள் தெரியும். கவனிக்காமல் விட்டால் அந்தப் பக்கத்தில் புதுப்பட்டை சரியாக வளராது.

அந்தக் கோடுகளைப் போட்டது பைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர். இன்று ரப்பர் இருந்த பல இடங்களில் செம்பனை நிற்கிறது. ஆனால், பைட்டோப்தோரா எங்கும் போய்விடவில்லை. வீட்டுப் பின்புறத்து டுரியான் மரத்தையும் அதுதான் தாக்குகிறது. 1934-இலேயே பினாங்கு டுரியான் மரங்களில் இந்த நோய் பதிவாகியிருக்கிறது. அடிமரத்தில் ஈரத்திட்டு தோன்றும். செம்பழுப்பு நீர் கசியும். திட்டு மரத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டால், பல ஆண்டுகள் வளர்த்த மரம் பட்டுப்போகும்.

அப்பா உரக்கடைக்குப் போவார். 'ராச்சுன் கூலாட்' என்று எழுதிய ஏதோ ஒரு போத்தலை வாங்கி வந்து அடிப்பார். என் வருத்தமெல்லாம் அந்த 'ஏதோ ஒரு' மேல்தான்.

ஏனென்றால், பைட்டோப்தோரா பூஞ்சையே அல்ல. அது ஊமைசீட் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. (ஊமைக்கும் சீட்டுக்கும் சம்பந்தமில்லை, கிரேக்க மொழியில் 'முட்டைப் பூஞ்சை' என்று பொருள். பெயரிலேயே தவறு ஒட்டிக்கொண்டுவிட்டது.) தமிழில் நீர்ப்பூஞ்சை என்கிறோம். பார்வைக்குப் பூஞ்சைபோல நூல்நூலாக வளர்ந்தாலும், அதன் நெருங்கிய உறவுகள் கடலில் வாழும் பழுப்புப் பாசிகள்தாம். பூஞ்சையின் செல்சுவரில் கைட்டின் இருக்கும். இதன் சுவரில் பெரும்பாலும் செல்லுலோஸ் வகைப் பொருள்கள். பூஞ்சை தன் செல்சவ்வுக்காக எர்கோஸ்டீரால் தயாரிக்கும், இது தயாரிப்பதில்லை.

இங்கேதான் பணம் வீணாகிறது. செம்பனையின் அடித்தண்டை அழுகவைக்கும் கனோடெர்மா உண்மையான பூஞ்சை. அதைத் தடுக்க ஹெக்சகோனசோல் என்ற மருந்தை முயன்று பார்க்கிறார்கள். எர்கோஸ்டீரால் உற்பத்தியை நிறுத்துவதே அதன் வேலை. அதையே டுரியானுக்கு அடித்தால்? இல்லாத தொழிற்சாலைக்குப் பூட்டுப் போட்ட கதைதான்.

அப்படியானால் மருந்தே வேண்டாமா? சிலர் அப்படிச் சொல்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. 1845-இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை இதே இனத்து நோய் அழித்தபோது கையில் மருந்து எதுவும் இல்லை. அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். 40 ஆண்டுகள் கழித்துத்தான் பிரான்சில் வழி பிறந்தது, அதுவும் திருடர்களால். போர்டோ பகுதியில் சாலையோரத் திராட்சையைத் திருடாமலிருக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லாததை மில்லார்டே என்ற அறிவியலாளர் கவனித்தார். அதுவும் நீர்ப்பூஞ்சை நோய்தான். இப்படிப் பிறந்த போர்டோ கலவை இன்றும் உதவுகிறது. ஆனால், அதிலுள்ள செம்பு மண்ணில் சேர்ந்துகொண்டே போகும்.

1977-இல் மெட்டலாக்ஸில் வந்தது. நீர்ப்பூஞ்சையின் ஆர்.என்.ஏ உற்பத்தியையே நிறுத்தும் மருந்து. எல்லாரும் அதையே திரும்பத் திரும்ப அடித்தார்கள். 1980-இல், அதே அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களில், அந்த மருந்துக்கு அசையாத கிருமி தோன்றிவிட்டது. மூன்றே ஆண்டுகள்!

டுரியானுக்கு இப்போது நல்ல பலன் தருவது பாஸ்போனேட். மரத்தில் துளையிட்டு ஊசியாகச் செலுத்துவார்கள். அது மேலே இலைக்கும் கீழே வேருக்கும் போகும். கிருமியைத் தடுப்பதோடு மரத்தின் சொந்த எதிர்ப்பையும் தூண்டிவிடும். அதற்காக எதையும் செய்யாமல் ஊசியை மட்டும் நம்பலாமா? பைட்டோப்தோராவின் வித்துகளுக்கு இரண்டு கசைகள் உண்டு. நீரில் நீந்தியே வேரைத் தேடிப் போகும். குளியலறைத் தண்ணீர் மரத்தடியில் தேங்கிக் கிடக்கும்போது, எத்தனை ஊசி போட்டு என்ன? முதலில் சாக்கடையை வெட்டிவிடுங்கள். மருந்துக்கு அடுத்த இடம்தான்.

பள்ளி அறிவியல் கழகங்கள் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்பேன். நோயுற்ற மரத்தடி மண்ணைச் சிறிது தண்ணீரில் கரையுங்கள். அதன்மேல் ரோஜா இதழ்களை மிதக்கவிடுங்கள். சில நாள்களில் இதழில் கறை படிந்தால், அந்தப் பகுதியை நுண்ணோக்கியில் பாருங்கள். எலுமிச்சை வடிவில் சிறுபைகள் தெரிந்தால், இதழைக் குளிர்ந்த நீரில் போட்டு அரைமணி நேரம் காத்திருங்கள். பை திறந்து வித்துகள் நீந்தி வெளியேறுவதைப் பார்த்துவிட்டு, அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அடுத்த முறை உரக்கடைக்கு அவரோடு நீங்களும் போய், போத்தலில் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள்.