எள்ளும் கடலையும் தனித்தனியே இருத்தல் வேண்டும்

ரொட்டி, பிஸ்கோத்து முதலிய பண்டங்களில் சேர்ந்துள்ளவற்றை வாங்குவோர் உறையின் மேலுள்ள எழுத்தைக் கொண்டே அறிகின்றனர். நிலக்கடலை, எள், பால், முட்டை முதலியன பெரும்பாலோருக்கு நல்ல ஆகாரமே. ஆயினும் சிலருடைய தேகத்திற்கு அவை ஒவ்வா. அத்தகையோர் சிறிதளவு உட்கொள்ளினும் தொண்டை வீங்கி, மூச்சடைத்து, உயிருக்கே அபாயம் நேரிடலாம். வறுப்பதாலும் சுடுவதாலும் இத்தீங்கு நீங்கிவிடாது.

2016-ம் வருஷத்தில் நதாஷா எட்னன்-லபரூஸ் என்னும் 15 வயதுச் சிறுமி, மாவில் எள் சேர்த்துச் சுட்ட ரொட்டியை இங்கிலாந்தில் வாங்கி உண்டு உயிரிழந்தாள். உறையில் எள் குறிப்பிடப்படவில்லை. அவள் பெயரால் வழங்கும் சட்டம் 2021 அக்டோபர் முதல் அங்கு அமலில் இருக்கிறது. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளையும் உறையில் அறிவித்தல் கட்டாயம். அறிவியாது விற்ற பண்டங்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்படுகின்றன. நிலக்கடலை முதலியவற்றை உறையில் குறிக்க வேண்டுமென்று நம் தேசத்து 2020-ம் வருஷத்து விதிகளும் கூறுகின்றன.

இது ரொட்டி சுடுவோர் கவலையன்றோ என்று குடியானவர் வினவலாம். 2024-ல் பிரிட்டனில், கடலை ஒவ்வாதவர்கள் கடுகு சேர்ந்த உணவுகளை விலக்குமாறு அதிகாரிகள் எச்சரித்தனர். கடலை கலந்த அக்கடுகு இந்தியாவிலிருந்து சென்றது. சரக்கில் கலந்திருப்பதை அறியாதவர் உறையில் எவ்வாறு எழுதுவார்? ஆகவே உறையின் உண்மை களத்திலேயே தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம்.

கடலை உலர்த்திய களத்தை நன்கு கூட்டிச் சுத்தம் செய்த பின்னரே எள்ளை உலர்த்துக. கடலை பிடித்த சாக்கில் எள்ளையோ கடுகையோ பிடிக்கலாகாது. சல்லடை கடலைப் பருப்பைப் பிரிக்கும். அதன் தூளைப் பிரிக்காது. கலந்துவிட்டால் வியாபாரியிடம் மறைக்காமல் தெரிவித்துவிடுக.

சுத்தமான சரக்குக்கு அதிக விலை கிடைப்பதில்லை என்னும் முறையீடு நியாயமானதே. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் அதனைத் தனியே குவித்துத் தனி விலை பேச ஏற்பாடு செய்தல் வேண்டும். கிராம அதிகாரிகளும் பொதுக்களங்களில் எள்ளுக்கும் கடலைக்கும் வெவ்வேறு இடம் ஒதுக்குவார்களாக. இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஒரு துடைப்பமும், புதுச் சாக்கும், சற்று ஜாக்கிரதையுமே போதும். நாம் விளைவித்த தானியம் எங்கோ ஒரு குழந்தையின் உயிருக்கு ஊறு செய்யாதிருத்தல் நம் கடமை.