கப்ளரைக் கழற்றும் முன்

டெல்லி ரிங் ரோடு சிக்னலில் நின்ற வண்டி திடீரென அணைந்துவிடுகிறது. செல்ஃப் சுற்றுகிறது, பிளக்கில் பொறி இல்லை. ஓரமாகத் தள்ளிப் பத்து நிமிடம் நிறுத்தினால் ஒரே உதையில் கிளம்பிவிடுகிறது. சரோஜினி நகர் பட்டறைக்கு வந்து சேரும்போது அதில் ஒரு குறையும் தெரிவதில்லை. முதலில் பேட்டரி மாறுகிறது, அடுத்த வாரம் காயில், அதற்கடுத்து பொறியை இயக்கும் சி.டி.ஐ. யூனிட். மூன்று முறை பணம் கொடுத்த பிறகும் வண்டி அதே சிக்னலில் நிற்கிறது. வந்து வந்து போகும் மின்கோளாறு என்றால் பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது இதுதான்.

இத்தகைய கோளாறுகளுக்கு டெல்லியின் வானிலை தோதாக இருக்கிறது. சரோஜினி நகருக்குப் பக்கத்திலேயே உள்ள சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 2024 மே 29 அன்று 46.8 டிகிரி வெப்பம் பதிவானது. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, ஜூன் 28 அன்று காலையில் முடிந்த 24 மணி நேரத்தில் 228 மில்லிமீட்டர் மழை கொட்டியது. 2021 புத்தாண்டு அன்று அதே நிலையத்தில் வெப்பநிலை 1.1 டிகிரி. சரோஜினி நகர் அரசுக் குடியிருப்புகளில் வெட்டவெளியில் நிற்கும் வண்டியின் ஒயரிங் இத்தனையையும் தாங்க வேண்டும். அந்தக் குடியிருப்புகளுக்கு 2016-இல் ஒப்புதல் பெற்ற மறுகட்டுமானத் திட்டம் தொடங்கியதிலிருந்து கட்டுமானத் தூசியும் சேர்ந்துகொண்டது. வெயிலில் விரியும் கம்பியும் மழையில் நனையும் கப்ளரும் (ஒயர்களை இணைக்கும் பிளக்) பட்டறை நிழலில் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகின்றன.

சோதனைக்கூடம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் இது தலைவலிதான். சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு 2021 மே மாதத்தில் 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் காயிலில் இருந்த குறையால் மிஸ்ஸிங் ஏற்படலாம், அரிதாக ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம் என்பது காரணம். ஆனால் பத்து சதவீதத்துக்கும் குறைவான வண்டிகளுக்கே காயில் மாற்ற வேண்டியிருக்கும் என்று நிறுவனம் கணித்தது. முதலில் ஆய்வு, தேவைப்பட்டால் மட்டும் மாற்றம் என்று அறிவித்தது. 2024-இல் ஹோண்டா தன் 300, 350 சிசி வண்டிகள் சிலவற்றை அழைத்தபோது காரணம் சக்கர வேக சென்சார். அதன் வார்ப்பில் இருந்த குறையால் உள்ளே தண்ணீர் புகுந்து, ஸ்பீடாமீட்டரும் ஏ.பி.எஸ்ஸும் தடுமாறக்கூடும் என்றது அறிவிப்பு. காய்ந்த சாலையில் அந்தச் சென்சாரில் எதுவும் தெரியாமல் போயிருக்கலாம்.

பாகத்தை மாற்றியதும் வண்டி ஓடுவதுதான் மெக்கானிக்கை ஏமாற்றுகிறது. என்ஜின் அதிர்வில் கப்ளருக்குள் பின்னும் சாக்கெட்டும் ஓயாமல் உரசுகின்றன. மேல்பூச்சு தேய்ந்து அந்த இடத்தில் ஆக்ஸைடு படிகிறது. புதிய பாகத்துக்காகக் கப்ளரைக் கழற்றி மாட்டும்போது அந்தப் படலம் கிழிந்து மின்சாரம் தடையின்றி ஓடத் தொடங்கும். இரண்டு வாரம் கழித்துப் படலம் மீண்டும் படியும், வண்டி மீண்டும் நிற்கும். நல்ல பாகம் குப்பைக்குப் போயிருக்கும். புதியதைப் போட்டதும் சரியானால், பழையதை ஒருமுறை திரும்ப மாட்டிப் பார்க்க வேண்டும். கோளாறு திரும்பி வந்தால்தான் பழி அந்தப் பாகத்தின்மேல்.

எனவே கப்ளரில் கை வைக்கும் முன் கோளாறை வரவழைக்க வேண்டும். சூடானால் அணையும் வண்டியில் முதல் சந்தேகம், பொறிக்கான சிக்னலைத் தரும் பல்சர் காயில். அதன் மெல்லிய சுற்றுக்கம்பி சூட்டில் விலகி, குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த காயிலை அளந்து பயனில்லை. ஹீட் கன்னால் மிதமாகச் சூடேற்றிக்கொண்டே தடையை அளக்க வேண்டும். ஹேண்டிலைத் திருப்பும்போது அணைந்தால், தலைப்பகுதியில் வளைந்து வளைந்து உறைக்குள்ளேயே அறுந்த ஒயரைத் தேட வேண்டும். ஐடிலில் ஓடவிட்டு ஹேண்டிலை இரு கோடிக்கும் திருப்பி, ஒயர்க் கற்றையை விரலளவு விரலளவாக அசைத்துப் பார்த்தால் இடம் பிடிபடும். மழைக்குப் பின் வந்தால் தெளிப்பானில் தண்ணீரை ஒவ்வொரு கப்ளராகத் தெளித்துப் பார்க்கலாம். சைடு ஸ்டாண்ட் சுவிட்சும் கிளட்ச் சுவிட்சும் இந்த வரிசையில் தவறாமல் இடம்பெற வேண்டும்.

அளக்கும் முறையிலும் கவனம் தேவை. ஒயரில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு. அதே ஒயரில் 21 வாட் பிரேக் பல்பைக் கோத்தால் பல்பு மங்கினால் உண்மை வெளிவரும். விளக்கு, ஹாரன், இக்னிஷன் சப்ளை ஒயர்களுக்கு மட்டுமே இந்தப் பல்பு, என்ஜினைக் கட்டுப்படுத்தும் இ.சி.யு-வுக்குப் போகும் சென்சார் ஒயர்களில் வைத்தால் யூனிட்டே பழுதாகலாம். எர்த் இணைப்பும் அப்படித்தான். 100 ஆம்பியர் இழுக்கும் செல்ஃப் மோட்டாருக்கு எர்த்தில் 0.01 ஓம் தடை கூடினாலே 1 வோல்ட் அங்கேயே போய்விடும். சாதாரண மீட்டரில் 0.01 ஓம் தெரியாது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்து செல்ஃபை அழுத்தினால் இழப்பு வோல்ட்டாகவே தெரிந்துவிடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 மாசு விதிகள் வந்தபின் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வண்டிகள் பெருகிவிட்டன. அவை கோளாறுக் குறியீட்டைச் சேமித்து வைக்கும். அதைப் படிப்பதற்கு முன்பே பேட்டரி முனையைக் கழற்றும் பழக்கம் சில வண்டிகளில் தடயத்தை அழித்துவிடும். குறியீடு சொல்வது எந்தச் சர்க்யூட் என்பதைத்தான். அந்தச் சர்க்யூட்டில் சென்சார், ஒயர், கப்ளர், எர்த் நான்கும் உண்டு.

இதற்கெல்லாம் நேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குக் கூலி கேட்கத் தயங்குவதால்தான் பட்டறைகள் பாகம் விற்றுச் சம்பாதிக்கின்றன. கோளாறு கண்டுபிடிப்பது கைத்திறன். ஐம்பது ரூபாய் டெர்மினலைச் சரிசெய்து முடித்த மெக்கானிக், மூவாயிரம் ரூபாய் யூனிட்டை மாற்றியவரைவிடக் குறைவாகச் சம்பாதிக்கும் நிலை நீடித்தால், நல்ல பழக்கம் எந்தப் பட்டறையிலும் வேர்பிடிக்காது.

ஜாப் கார்டில் நான்கு கேள்விகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும்: எவ்வளவு நேரம் ஓடியபின் நின்றது, மழையா வெயிலா, அப்போது விளக்கும் ஹாரனும் வேலை செய்தனவா, கடைசியாக எந்த வேலை செய்தார்கள் அல்லது எந்த எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் போட்டார்கள். பில்லில் சோதனைக் கூலி என்று தனி வரி சேர்த்து, கண்டறிந்த அளவுகளை அதன் கீழே எழுதித் தரலாம். எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியும். வண்டி திரும்பி வந்தால் எங்கிருந்து தொடங்குவது என்பது மெக்கானிக்குக்கும் தெரியும். அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன் இந்த ஜாப் கார்டை ஒவ்வொரு பட்டறையும் அச்சிட்டுவிட வேண்டும்.