வாயு மாறிலி: மனப்பாடத்திற்கா, பயன்பாட்டிற்கா?

வாயு மாறிலியின் மதிப்பு என்ன என்று மேனிலை வகுப்பு மாணவி எவளைக் கேட்டாலும், "8.314" என்று தயங்காமல் சொல்லிவிடுவாள். அந்த எண் எதைக் குறிக்கிறது, அதன் பின்னால் வரும் அலகு ஏன் வருகிறது என்று கேட்டால்தான் மௌனம். எண்ணை மட்டும் அறிந்து அதன் பொருளை அறியாதிருப்பது கல்வியாகாது என்பது எங்கள் கருத்து.

இம்மாறிலி ஒரே நாளில் பிறந்ததன்று. வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் கூடினால் வாயுவின் கன அளவு குறையும் என்று 1662-இல் பாயில் வெளியிட்டார். வெப்பநிலை உயர்ந்தால் கன அளவு எவ்வாறு பெருகும் என்பதை 1802-இல் கே-லுசாக் எடுத்துரைத்தார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமமே என்றார் அவகாட்ரோ, 1811-இல். பாயிலின் விதியையும் கே-லுசாக்கின் விதியையும் 1834-இல் கிளாப்பிரான் ஒரே சமன்பாடாக இணைத்தார். அதனுடன் அவகாட்ரோவின் கருத்தையும் சேர்த்து, எல்லா வாயுக்களுக்கும் பொதுவான ஒரே மாறிலியை 1874-இல் மெண்டலீவ் காட்டினார். நாம் ஒரு நொடியில் ஒப்புவிக்கும் எண்ணுக்குப் பின்னால் இருநூறு ஆண்டு உழைப்பு இருக்கிறது.

அதன் பொருள்தான் என்ன? ஒரு மோல் வாயுவின் அழுத்தத்தைக் கன அளவால் பெருக்கி, கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால் கிடைப்பது வாயு மாறிலி. வேறு விதமாகவும் சொல்லலாம். அழுத்தம் மாறாதிருக்க, ஒரு மோல் வாயுவை ஒரு கெல்வின் அளவு சூடாக்கினால், அது விரிவடையும்போது 8.314 ஜூல் வேலை செய்கிறது. ஒரு கிலோ அரிசிப் பையைத் தரையிலிருந்து ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் உயரத்திற்குத் தூக்கும் வேலை அது! இப்படிச் சொன்னால் எந்த மாணவிக்குத்தான் மறக்கும்?

பொருள் அறியாமல் எண்ணைக் கையாண்டால் என்ன ஆகும்? 10 லிட்டர் கொள்ளளவுள்ள மருத்துவமனை ஆக்சிஜன் உருளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அழுத்தம் 150 வளிமண்டலம், வெப்பநிலை 300 கெல்வின். லிட்டருக்கும் வளிமண்டலத்திற்கும் பொருந்தும் மதிப்பு 0.0821. அதைக் கொண்டு கணக்கிட்டால் 61 மோல், அதாவது ஏறத்தாழ 2 கிலோ ஆக்சிஜன். அதே கணக்கில் பழக்கதோஷத்தால் 8.314-ஐப் போட்டால் 19 கிராம்தான் வரும்! மாறிலி ஒன்றே, அலகு மாறினால் அதன் எண் மாறும். நம்மில் பலர் நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் பணிபுரியப் போகிறவர்கள். தேர்வுத் தாளில் இத்தவறுக்கு இரண்டு மதிப்பெண் போகும். நோயாளியின் படுக்கையருகே என்ன போகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எங்கே பயன்படுத்தக் கூடாது என்பதை அறிவதும் அறிவே. நம் வீட்டுச் சமையல் எரிவாயு உருளைக்கு இக்கணக்குப் பொருந்தாது. அதனுள் இருப்பதில் பெரும்பகுதி திரவம். திரவம் மீதமிருக்கும் வரை, வெப்பநிலை மாறாவிட்டால், அழுத்தம் குறைவதில்லை. ஆகவே எவ்வளவு மிச்சம் என்பதை எடை பார்த்துத்தான் அறிய முடியும்.

மறுபுறம், வாயுவே இல்லாத இடத்திலும் இம்மாறிலி வந்து நிற்கிறது. நீர்த்த கரைசலின் சவ்வூடு பரவல் அழுத்தத்தைக் கணக்கிடவும் இதுவே வேண்டும் என்று கண்டவர் வான்ட் ஹாஃப். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசை 1901-இல் பெற்றவர் அவரே. நோயாளிக்கு ஏற்றும் உப்பு நீர் 0.9 சதவீதமாக இருப்பது ஏன்? இரத்தத்தின் சவ்வூடு பரவல் அழுத்தத்தோடு அது ஒத்திருக்க வேண்டும். வெறும் நீரை ஏற்றினால் சிவப்பணுக்கள் வீங்கி வெடித்துவிடும்.

"2019 மே 20 முதல் இம்மாறிலியின் மதிப்பு வரையறையாலேயே துல்லியமாகிவிட்டது, இனி அளப்பானேன்?" என்று சிலர் கேட்கலாம். அறிவியல் உலகிற்கு அளக்கும் தேவை இல்லாமல் போயிருக்கலாம்; கற்பவளுக்குத் தேவை இருக்கிறது. பிறர் சமைத்ததை உண்டவள் பசியாறுவாள். ஆனால் சமையல் கற்றவளாக மாட்டாள்.

ஆகவே அருட்சகோதரியரிடமும் ஆசிரியைகளிடமும் எங்கள் வேண்டுகோள் ஒன்று உண்டு. வரும் ஆண்டில் ஒவ்வொரு மாணவியும் ஆய்வகத்தில் வாயு மாறிலியைத் தானே கண்டறிய வாய்ப்பளியுங்கள். இதற்கு வேண்டியவை ஒரு பியூரெட், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், 24 மில்லிகிராம் மெக்னீசிய நாடா. ஒரு மீட்டர் நாடாவை நிறுத்து, உரிய நீளத்தை வெட்டிக்கொள்ளலாம். ஏறத்தாழ 25 மில்லி லிட்டர் ஹைட்ரஜன் சேரும். அருகில் தீ கூடாது. நீராவியின் அழுத்தத்தைக் கழிக்க மறக்கவும் கூடாது. செலவு மிகச் சிறிது.

பெற்றோர்களே, உங்கள் மகளுக்கு 8.314-க்குப் பதில் 8.1 கிடைத்தால் வருந்தாதீர்கள். அந்தச் சிறு வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று அவளையே கேளுங்கள். அதற்கு அவள் விடை சொல்லத் தொடங்கினால், அவள் அறிவியல் கற்கிறாள் என்று மகிழுங்கள்.